பனிக்கோடரியும் பிடியின் நீளமும்



எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலே டென்சிங் நோர்கே நிற்கும் படத்தை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி முற்பகல் 11.30 மணியளவில் எட்மண்ட் ஹிலாரி எடுத்த படம் அது. முகத்தை மூடிய ஒட்சிசன் கவசம். உயர்த்திய கையிலே ஒரு தடி. அந்தத் தடியிலே ஐக்கிய நாடுகள் சபை, பிரித்தானியா, நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள். இப்படத்தை வகுப்பறையிற் காட்டி, அவர் கையில் இருப்பது யாது என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலான மாணவர் கொடிக்கம்பம் என்றே விடை சொல்வர். உச்சிக்குக் கொடிக்கம்பம் சுமந்து சென்றவர் எவருமில்லை. அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசென்ற கருவியிலேயே கொடிகளைக் கட்டினார்கள். அக்கருவியின் வரலாற்றையும், அதனைத் தெரிந்தெடுப்பதில் மலையேறுவோர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் வாதத்தையும் இன்று நோக்குவோம்.

அதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பதே முதற் சிக்கல். ஆங்கிலத்தார் ‘ஐஸ் அக்ஸ்’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘பியொலே’ என்பர். ஜேர்மன் மொழி பேசுவோர் ‘ஐஸ்பிக்கல்’ என்பர். நமக்கு அக்கருவி வேண்டியிருக்கவில்லை. ஆகவே சொல்லும் வேண்டியிருக்கவில்லை. சங்கப் புலவருக்கு இமயம் தெரியும்; அதிலே மனிதர் எப்படி ஏறுவர் என்ற சிந்தனை அவர்களுக்கு எழவில்லை. நமது பனி மார்கழி விடியலிலே புல்நுனியில் நிற்பது. காலிற் பட்டாற் சிலிர்க்கும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். வெட்டியெடுக்க வேண்டிய பனி நமது மொழியின் அனுபவத்துக்குட் புகுந்ததில்லை. எனினும் ‘பனிக்கோடரி’ என்ற சொல் பொருளை ஓரளவு சுட்டுவதால் இவ்வுரையில் அதனையே கையாள்கிறேன்.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அக்கருவியின் தலையை உற்றுப் பார்த்தால் அதிலே கோடரி இல்லை. ஒரு பக்கம் நீண்டு கூர்மையாக இருக்கும். அது நமது பிக்கானின் மூக்கு. மறுபக்கம் அகன்று தட்டையாக இருக்கும். அது தச்சரின் வாய்ச்சி. பிடியின் அடியிலே கூரிய இரும்பு முனை. அது அலவாங்கு செய்யும் வேலையைச் செய்வது. விறகு பிளக்கிற கோடரி இம்மூன்றிலும் காணப்படவில்லை. அப்படியிருக்க, பெயரில் மட்டும் கோடரி ஏன் நிலைத்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் கருவியின் பிறப்பு தெரிந்துவிடும்.

1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, ஷமொனி என்னும் ஊரைச் சேர்ந்த ஜாக் பல்மா, மிஷெல் கப்ரியேல் பக்கார் என்னும் இருவர் மொன் பிளாங் மலையின் உச்சியை முதன்முதலில் அடைந்தனர். பல்மா மலைகளிலே பளிங்குக் கற்கள் தேடி விற்பவர். பக்கார் அவ்வூர் வைத்தியர். அவர்களிடம் கயிறு இல்லை. இன்றைய பனிக்கோடரியும் இல்லை. இருந்தவை, அடியில் இரும்புமுனை பதித்த நீண்ட மரக்கோல்கள் மாத்திரமே. அல்ப்ஸ் மலை மேய்ப்பரும் மான் வேட்டைக்காரரும் காலங்காலமாக ஊன்றி நடந்த கோல் அது. பனியாற்றிலே பிளவு குறுக்கிட்டால் கோலை அதன்மேற் குறுக்காகப் போட்டுக் கடப்பர்.

கோல் ஊன்ற உதவும், வெட்ட உதவாது. இறுகிய பனிச்சரிவிலே கால்வைக்க இடம் வேண்டுமானால் படி வெட்டியே ஆக வேண்டும். அதற்காக ஷமொனியிலும் சுவிற்சர்லாந்துக் கிராமங்களிலும் இருந்த வழிகாட்டிகள் இடுப்பிலே சிறு கைக்கோடரி ஒன்றைச் செருகிக்கொண்டு சென்றனர். ஒரு கையிற் கோல், மறுகையிற் கோடரி. கோலை வைத்துவிட்டுக் கோடரியை எடுப்பது, கோடரியைச் செருகிவிட்டுக் கோலை எடுப்பது என்பதாகச் சரிவிலே நின்று மாறி மாறிச் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர்களுடைய கால்களே அவர்களுக்குச் சொல்லியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இரண்டும் ஒன்றாயின: கோலின் நுனியிலே கோடரித் தலை ஏறியது. பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

பிறகு இன்னுமொரு மாற்றம் நிகழ்ந்தது. கோடரியின் வாய் பிடியோடு ஒரே தளத்தில் நிற்பது. மரத்தைப் பக்கவாட்டிலே வெட்டுவதற்கு அது ஏற்றது. காலடியிலே பனியைச் சுரண்டித் தளம் அமைப்பதற்கு அது இசையாது. ஆகவே வாயை 90 பாகை திருப்பினர். கோடரி வாய்ச்சி ஆயிற்று. மரத்தின் மேற்பரப்பைச் செதுக்கும் தச்சர் கோடரியை விட்டு வாய்ச்சியை எடுப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். மலைச்சரிவிலும் வேலைத்தலத்திலும் கையின் தருக்கம் ஒன்றே போலும்.

இனி, இக்கருவியின் நீளத்துக்கு வருவோம். தொடக்கக் காலப் பனிக்கோடரிகள் ஏறக்குறைய 120 முதல் 130 சென்ரிமீற்றர் வரை நீண்டவை. நெஞ்சளவு வரும் அப்பிடி பழைய கோலிலிருந்து வந்த முதுசொம். அதிலே ஒரு நன்மையும் இருந்தது: இறங்கும்போது குனியாமலே காலுக்குக் கீழே உள்ள சரிவில் அடுத்த படியை வெட்டலாம். வெட்டியவர் யார் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. 1857இல் இலண்டனிலே அல்பைன் கழகம் நிறுவப்பட்டது. சட்டத்தரணிகள், மதகுருமார், பேராசிரியர்கள் என அதன் உறுப்பினர் பலரும் கனவான்கள். அவர்கள் உச்சியை அடைந்த கதைகளை நூல்களாக எழுதினர். முன்னே நின்று மணிக்கணக்கிற் படி வெட்டியவர்கள் கூலிக்கு வந்த கிராமத்தார். அவர்களுள் நூல் எழுதியவர் மிகச் சிலர். 1864இல் கழகம் ஒரு சிறப்புக் குழுவை அமைத்துக் கயிறு, கோடரி, கோல் ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இக்கருவியை எப்படித் தெரிந்தெடுப்பது என்ற கேள்வி எழுத்திலே முறையாக ஆராயப்பட்டது அப்பொழுதுதான் எனலாம்.

அடுத்த ஆண்டே அந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. 1865 யூலை 14ஆம் திகதி எட்வேர்ட் விம்பர் தலைமையிலே எழுவர் மற்றர்ஹோர்ன் சிகரத்தை அடைந்தனர். அதற்கு முன் எவரும் ஏறாத மலை. இறங்கும்போது மிஷெல் குறோ என்ற வழிகாட்டி முன்னே சென்றார். அவருக்குப் பின் ஹடோ என்ற 19 வயது இளைஞர். பின்னர் ஹட்சன் என்ற மதகுரு. பின்னர் பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு. அவருக்குப் பின் மூத்த தவுக்வால்டர், விம்பர், இளைய தவுக்வால்டர். ஹடோவுக்குக் கால் நிற்கவில்லை. குறோ தமது கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹடோவின் கால்களை இரு கைகளாலும் பிடித்து ஒவ்வொன்றாக உரிய இடத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று விம்பர் தமது நூலில் எழுதுகிறார். வைத்து முடித்து, தாம் ஓரிரு அடி இறங்குவதற்காகத் திரும்பிய வேளையிலே ஹடோ வழுக்கி அவர்மீது விழுந்தார். இருவரும் ஹட்சனையும் டக்ளஸையும் இழுத்துக்கொண்டு சென்றனர். டக்ளஸுக்கும் மூத்த தவுக்வால்டருக்கும் இடையிலே கயிறு அறுந்தது. நால்வரும் பனியாற்றில் விழுந்து மாண்டனர். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறுந்த கயிற்றைப் பற்றி உலகம் பேசியது. அவர்களிடம் இருந்த மூவகைக் கயிறுகளில் அதுவே மிக நலிந்தது என்பதால் விசாரணை நடந்தது. தவுக்வால்டர்மீது பழி விழுந்தது. கயிற்றின் துண்டு இன்றும் சேர்மற் நகர நூதனசாலையிலே இருக்கின்றது. ஒருபுறம் வைக்கப்பட்ட அந்தக் கோடரியைப் பற்றிப் பேசியவர் குறைவு. கோடரி கையிலிருந்தால் குறோ தப்பியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. எதிர்பாராமல் ஒருவர் மேலே வந்து விழும்போது எந்தக் கருவிதான் என்ன செய்யும்? ஆயினும் அக்காட்சியிலே பனிக்கோடரியின் முழுச் சிக்கலும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிறருக்கு உதவ இரண்டு கையும் வேண்டும். தன்னைக் காக்க ஒரு கையிலே கோடரி வேண்டும். நெஞ்சளவு நீண்ட, இரண்டு கையாலும் வீச வேண்டிய ஒரு கருவி, உதவி செய்ய முனைபவன் கையிலிருந்து முதலில் நீங்கிவிடும்.

ஒரு கையாலேயே ஆளத்தக்க கோடரி வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஒஸ்கார் எக்கன்ஸ்ரைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அவர் அமைத்த கோடரியின் நீளம் 85 சென்ரிமீற்றர் அளவுதான். முதலில் அதற்குக் கண்டனமே கிடைத்தது. மலை மரபை அறியாதவன் செய்த விளையாட்டுப் பொருள் என்பது போலப் பலர் கருதினர். ஆனால் எக்கன்ஸ்ரைன் நீளத்தைக் குறைத்ததோடு நின்றுவிடவில்லை. 1908ஆம் ஆண்டளவிலே சப்பாத்தின் அடியிற் கட்டிக்கொள்ளும் பத்துப் பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தையும் வடிவமைத்தார். இத்தாலியின் கூர்மயர் ஊரைச் சேர்ந்த கொல்லரான ஹென்றி கிறிவெல் அதனைச் செய்து விற்றார். பற்சட்டம் வந்தபின் முன்னர் நூற்றுக்கணக்கிற் படி வெட்டிய சரிவிலே, வெட்டாமலே நடக்க முடிந்தது. படி வெட்டும் வேலை குறைந்தபோது நெடும்பிடியின் தேவையும் குறைந்தது. கோடரி குறுகியதற்குக் காலில் ஏற்பட்ட மாற்றமே பெருங் காரணம். கையை மட்டும் பார்த்துக் கருவி தேடுவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி எவரெஸ்டுக்குச் செல்வோம். 1924 யூன் 8ஆம் திகதி ஜோர்ஜ் மலோரியும் அன்று இர்வினும் திபெத்துப் பக்கமாக உச்சியை நோக்கிச் சென்றனர். முகில் விலகிய சிறு பொழுதிலே நோயல் ஓடெல் அவர்களைக் கீழிருந்து கண்டார். அதன்பின் எவரும் அவர்களை உயிரோடு காணவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1933 மே 30ஆம் திகதி பேர்சி வின் ஹரிஸ், லோரன்ஸ் வேஜர் என்னும் இருவர் அதே முகட்டுப் பாதையில் ஏறினர். ஏறக்குறைய 8,460 மீற்றர் உயரத்திலே, ‘முதற்படி’ எனப்படும் பாறைத்திட்டுக்குச் சற்று முன்னால், வெறும் பாறைத் தட்டின்மேல் ஒரு பனிக்கோடரி கிடந்தது. அதன் தலையிலே சுவிற்சர்லாந்தின் ரேஷ் ஊரைச் சேர்ந்த விலிஷ் என்ற கொல்லரின் முத்திரை இருந்தது. ஒன்பது பருவமழையும் புயலும் அதனை அசைக்கவில்லை.

அது மலோரியுடையதா, இர்வினுடையதா? பிடியிலே மூன்று கீற்றுகள் இணையாக வெட்டப்பட்டிருந்தன. பிற்காலத்திலே இர்வினின் கைத்தடி ஒன்றிலும் அதே போன்ற அடையாளம் காணப்பட்டதால், அது அவருடையதே என்று பலர் கருதினர். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: ஏன் அது அங்கே கிடந்தது? 1933ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் ஹியூ ரட்லெஜ் ஒரு விளக்கம் சொன்னார். ஒருவர் வழுக்கியிருக்க வேண்டும். மற்றவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடிப்பதற்காகக் கோடரியைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். அதாவது குறோ செய்தது போல. ஊகம் ஊகமே, எனினும் 1999 மே முதலாம் திகதி கொன்ராட் அங்கர், அந்த இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 8,155 மீற்றர் உயரத்தில் மலோரியின் உடலைக் கண்டெடுத்தபோது, இடுப்பிலே அறுந்த கயிறு இருந்தது, கைகள் தலைக்கு மேலாக நீண்டு சரிவைப் பற்றிய நிலையில் இருந்தன, பனிக்கோடரி இருக்கவில்லை. இரும்பு மூக்கு பற்ற வேண்டிய சரிவை விரல்கள் பற்ற முயன்றிருந்தன. இர்வினின் பெயர் தைத்த காலுறையும் சப்பாத்தும் பாதமும் 2024 செப்ரெம்பரில் றொங்புக் பனியாற்றிலே கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இடையிலே ஒரு சிறு விலகல். பனிக்கோடரி நமது அரசியல் நூல்களிலே ஓர் இடத்தில் வருகிறது. அங்கும் பிழையாக வருகிறது. ட்ரொட்ஸ்கியின் பெயர் நமக்குப் புதிதன்று. 1935இற் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி அவர் வழியைத் தழுவிய கட்சியாகவே வளர்ந்தது. 1940 ஓகஸ்ட் 20ஆம் திகதி மெக்சிக்கோவில் ரமோன் மெர்க்காடேர் அவரைத் தாக்கிய ஆயுதத்தை ‘ஐஸ் உடைக்கும் ஊசி’ என்று எழுதுவோர் பலர். குளிர்பானத்துக்காக ஐஸ் குத்தும் வீட்டுக் கருவியோடு அதனைக் குழப்பியதால் நேர்ந்த பிழை. அது மலையேறும் பனிக்கோடரி. மழையங்கிக்குள் மறைப்பதற்காக அதன் பிடியைக் குறுக்கியிருந்தான். ட்ரொட்ஸ்கி மறுநாள் இறந்தார். பிடியைக் குறுக்குவதிலே இப்படியும் ஒரு நோக்கம் இருந்திருக்கிறது.

இனி 1953. அவ்வாண்டு இரண்டு மலைகளிலே இக்கருவி தன் தகுதியைக் காட்டியது. ஏப்ரல் மாத இறுதியில் எவரெஸ்டின் கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியிலே இறங்கிவந்த ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். குதித்த விளிம்பு உடைந்து அவரோடு கீழே சென்றது. பின்னால் வந்த டென்சிங் தமது கோடரியைப் பனியிலே குத்தி இறக்கி, கயிற்றை அதிலே சுற்றி இறுக்கினார். ஹிலாரி பிளவுக்குட் தொங்கி நின்றார். மேலே ஏறி வந்தார். உச்சிப் பயணத்துக்கு இவர்தான் துணை என்று ஹிலாரியின் மனம் தீர்மானித்ததிலே அந்த நிகழ்ச்சிக்கும் பங்குண்டு. அப்படியானால் ஒரு மாதத்தின் பின் அந்தக் கருவியிலே கொடிகளைக் கட்டியது பொருத்தமே.

மற்றையது கே-2 மலை. சார்ல்ஸ் ஹூஸ்ரன் தலைமையிலே எட்டுப் பேர் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தனர். ஆர்ட் கில்கி என்ற இளம் புவிச்சரிதவியலாளருக்குக் காலிலே குருதி உறையும் நோய் கண்டது. ஏறக்குறைய ஏழாயிரத்து ஐந்நூறு மீற்றர் உயரத்திலே நடக்கமுடியாத ஒருவரைக் கீழே கொண்டுவருவது இயலாத காரியம் என்பது எல்லோருக்கும் தெரியும். கில்கிக்கும் தெரியும். விட்டுவிட்டு இறங்குவோம் என்று எவரும் வாய்திறக்கவில்லை. ஓகஸ்ட் 10ஆம் திகதி, புயலினூடே, உறக்கப்பையிற் சுற்றிக் கயிற்றிற் கட்டி அவரை இறக்கத் தொடங்கினர். கயிற்றின் மேல்முனையைக் காத்தவர் பீற் ஷோனிங், வயது 26. பனியிலே உறைந்து கிடந்த பாறை ஒன்றின் பின்னே தமது கோடரியை இறுகச் செருகி, கயிற்றை அதன் பிடியிலும் தமது உடலிலும் சுற்றி நின்றார்.

அப்பொழுது ஜோர்ஜ் பெல் வழுக்கினார். அவரோடு கட்டுண்ட ரோனி ஸ்ரீதர் இழுபட்டார். அவர்களுடைய கயிறு ஹூஸ்ரனும் பொப் பேற்ஸும் இணைந்த கயிற்றோடு சிக்கியது, அவ்விருவரும் விழுந்தனர். கில்கியோடு இணைக்கப்பட்டிருந்த டீ மொலெனாரும் விழுந்தார். விழுந்த ஐவரின் பாரமும் கில்கியின் பாரமும் சிக்கிய கயிறுகளின் வழியாக ஷோனிங்கிடம் வந்து சேர்ந்தன. அறுவர் உயிர் ஒரு கோடரிப் பிடியிலே தொங்கியது. மரப்பிடி அது. அது முறியவில்லை. நைலோன் கயிறு நீண்டு கொடுத்ததும், பாறை அசையாதிருந்ததும், அவர் முறையாக நின்றதும் எல்லாம் சேர்ந்தே அந்தப் பிடி நின்றது என்று சொல்ல வேண்டும். கருவிக்கு மட்டும் புகழைக் கொடுத்தால் நியாயமாகாது. அந்தக் கோடரி இன்று ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள மலையேற்ற நூதனசாலையிலே வைக்கப்பட்டிருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. காயமுற்றவர்கள் கூடாரம் அடிக்கச் சென்றபோது, கில்கியைச் சரிவிலே கோடரிகளைக் குத்தி அவற்றிற் கட்டி வைத்தனர். சற்றுப் பின் திரும்பிப் பார்த்தபோது சரிவு வெறுமையாக இருந்தது. கில்கியும் இல்லை, கோடரிகளும் இல்லை. பனிச்சரிவு அடித்துச் சென்றதா, தம்மால் நண்பர்கள் அழியக்கூடாதென்று அவரே தம்மை விடுவித்துக்கொண்டாரா என்பதிலே உயிர் தப்பிய தோழர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. எஞ்சிய எழுவரும் கீழே வந்து சேர்ந்தனர். ஒரே நாளிலே, ஒரே மலையிலே, ஒரு கோடரி அறுவரைத் தாங்கியது. பின்னர் குத்திய கோடரிகள் ஒருவரைத் தாங்கவில்லை. பனிக்கோடரியைப் பற்றி எவராவது உறுதியான வாக்குக் கொடுத்தால் இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மரப்பிடியின் காலம் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. மரம் கைக்கு இதமானது. ஆனால் உள்ளே இருக்கும் பிளவு வெளியே தெரியாது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹமிஷ் மக்கின்ஸ் முழுவதும் உலோகத்தாலான கோடரிக்கு முன்னோடி ஆனார். 1970இல் அவர் வெளிக்கொணர்ந்த குறுங்கோடரியின் மூக்கு செங்குத்தான பனிச்சுவரிலே கொளுவி நிற்கும்படி கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அதற்குச் சற்று முன், 1966இல், ஈவோன் ஷுனாட் என்ற அமெரிக்கர் அல்ப்ஸ் பனியாறு ஒன்றிலே பலவகைக் கோடரிகளைச் சோதித்துப் பார்த்து, நேரான மூக்கு இழுத்தவுடன் கழன்று வருவதன் காரணத்தைக் கண்டுகொண்டார். கை வீசும் பாதை ஒரு வில். மூக்கும் அந்த வில்லின் வளைவையே கொண்டிருந்தால் பனியை உடைக்காமல் உட்புகுந்து நிற்கும். பிரான்சின் ஷார்லே தொழிற்சாலையாரை இணங்கவைத்து, வளைந்த மூக்கும் 55 சென்ரிமீற்றர் பிடியும் உள்ள கோடரியைச் செய்வித்தார். வழக்கிலிருந்தவை அப்பொழுது 70 சென்ரிமீற்றர் அளவின. 130இலே தொடங்கியது இவ்வாறு 55இல் வந்து நின்றது.

‘பனியே இல்லாத நாட்டிலே இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அச்சாதனையைப் புரிந்த முதல் இலங்கையர் ஆனார். வெளிநாடுகளிலே வாழும் நம்மவர் பிள்ளைகள் பலர் பனிமலைகளுக்கு அண்மையிலே வளர்கின்றனர். விடுமுறைக்கு மலை நடைக்குப் போகின்றனர். கடையிலே வரிசையாகத் தொங்கும் கோடரிகளில் எதை எடுப்பது என்ற கேள்வி அவர்களுக்கு உண்மையான கேள்வி. ஆகவே வரலாறு சொல்லித் தந்ததை வைத்துச் சில சொல்கிறேன்.

முதலிலே, எந்த வேலைக்கு என்று தெளிய வேண்டும். மலை நடைக்காரர் பனிச்சரிவைக் குறுக்கே கடப்பவர். அவருக்குக் கோடரி ஊன்றவும், வழுக்கினால் நிறுத்தவும் வேண்டும். தலையைக் கையிலே பிடித்துக் கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் அடிமுனை கணுக்காலளவில் வருவது பழைய அளவு. இன்று அதனிலும் சற்றுக் குறுகியதையே பலர் விரும்புகின்றனர்; 50 முதல் 75 சென்ரிமீற்றருக்குள் பெரும்பாலோருக்கு ஏற்றது கிடைத்துவிடும். நீண்டது சமவெளியிலே கைத்தடிபோல் இனிக்கும். சரிவு செங்குத்தாகும்போது நெஞ்சுக்குக் குறுக்கே பிடிக்க முடியாமல் இடறும். கோடரி வேண்டியது சமவெளியிலா, சரிவிலா என்பதை வாங்குபவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூக்கு இலேசாக வளைந்திருந்தாற் போதும். பனிச்சுவர் ஏறுவோருக்குரிய கொடுக்குப் போன்ற மூக்கை நடைக்காரர் வாங்கினால், வழுக்கி ஓடும் வேளையில் அது பனியிலே சட்டெனக் கொளுவிக் கோடரியையே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பிடியிலே ‘பி’ அல்லது ‘ரி’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். புதியவற்றிலே 1, 2 என்ற இலக்கங்கள். முதலாவது பொது வேலைக்கு; இரண்டாவது கூடுதல் பாரம் தாங்கவல்லது. கயிற்றைக் கட்டிப் பிறரைத் தாங்க வேண்டிய ஏற்றத்துக்குப் போவோர் இரண்டாவதையே நாடுவது நன்று. 300 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அலுமினியத் தலைக் கோடரிகளும் உண்டு. இளகிய பனிக்கு அவை போதும். கண்ணாடிபோல் இறுகிய பனியிலே அடித்தால் துள்ளிவிடும். சுமை குறைந்ததென்ற மகிழ்ச்சிக்காக மட்டும் அதை வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மணிக்கட்டிலே கட்டும் வார் வேண்டுமா என்பதில் மலையேறுவோர் இன்றும் இரு பக்கம். வார் இருந்தால் கோடரி தொலையாது; குறோவின் கதை தெரிந்தவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உருண்டு விழும்போது, கையை விட்டு நழுவிய கோடரி வாரிலே தொங்கிச் சுழன்று முகத்தையும் நெஞ்சையும் குத்தும். சரிவிலே திசை மாறும்போது கோடரியை மலைப்பக்கக் கைக்கு மாற்ற வேண்டும். வார் அதற்குத் தடை. நடைப் பயணத்திலே வார் இல்லாமலும், தொலைத்தால் மீளமுடியாத ஏற்றத்திலே வாரோடும் செல்வோர் பலர். எவரெஸ்டின் வழக்கமான பாதையிலே இன்று நிலையான கயிறுகள் கட்டப்பட்டிருப்பதால் அங்கே கோடரி முன்னளவு வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எந்தக் கோடரியும் வாங்கிய அன்றே காப்பாற்றாது. வழுக்கியவுடன் ஒரு கை தலையை இறுகப் பற்றி, வாய்ச்சிப் பக்கம் தோளோரம் வரும்படி நெஞ்சோடு சேர்த்து, மறுகை பிடியின் அடிமுனையை மூடிப் பிடித்து, உடலின் பாரம் முழுவதையும் மூக்கின்மேல் அழுத்த வேண்டும். இதைச் செய்வதற்குக் கிடைப்பது ஓரிரு விநாடிகள். வேகம் பிடித்தபின் மூக்கு நிற்காது. காலிலே பற்சட்டம் இருந்தால் பாதங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் பல் பனியிற் கொளுவி உடல் தலைகீழாகப் புரளும். பயிற்சியைக் கீழே பாறையோ பிளவோ இல்லாத, தானாகவே சமனாகி முடியும் சரிவிலே, பற்சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டே செய்வார்கள்: முதலிற் கால் கீழாக, பின்பு தலை கீழாக, பின்பு மல்லாந்து, வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே.